வகை தெரியாத மேப்பைத் திறக்கும் கருவி: கோ மொழியின் ரிஃப்ளெக்ட் பேக்கேஜ், ஒரு பயனரின் மதிப்பீடு

ஒரு செயலியின் அமைப்புகளை மூன்று இடங்களிலிருந்து திரட்டி ஒன்றாக்கித் தரும் சிறு லைப்ரரி ஒன்றைக் கோ மொழியில் எழுதி, சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நிரலுக்குள்ளேயே எழுதப்பட்ட இயல்பு மதிப்புகள் முதல் அடுக்கு; சர்வரில் இருக்கும் அமைப்புக் கோப்பு இரண்டாவது அடுக்கு; அவசரத்துக்கு மாற்றி வைக்கும் மேலெழுதல் கோப்பு மூன்றாவது. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் லைப்ரரியை எழுதுகிறவனுக்கு, அதைப் பயன்படுத்தப் போகிறவரின் ஸ்ட்ரக்ட், அதாவது பல புலங்களை ஒன்றாகக் கட்டிய தரவு வகை, எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. ஒருவர் ஸ்ட்ரிங்கைக் (எழுத்துத் தொடரை) கீயாகவும் இன்ட்டை (முழு எண்ணை) மதிப்பாகவும் கொண்ட மேப்பை, அதாவது ஒவ்வொரு கீக்கும் ஒரு மதிப்பை இணைத்து வைக்கும் அட்டவணையை, வைத்திருப்பார். இன்னொருவர் தாமே வரையறுத்த பயனர் எண் என்னும் வகையைக் கீயாக வைத்து, மதிப்பின் இடத்தில் இன்னொரு மேப்பையே வைத்திருப்பார். கம்பைல் ஆகும்போதே எல்லா வகைகளும் தெரிந்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஒரு மொழியில், இத்தனை மேப்களையும் ஒரே ஃபங்ஷனில் கையாள நிரல் ஓடும்போதே வகைகளைக் கண்டறிய உதவும் ரிஃப்ளெக்ட் பேக்கேஜைத் தவிர வேறு வழியில்லை. 2012ஆம் ஆண்டு கோ 1 வெளிவந்தபோதே மொழியோடு வந்துவிட்ட பேக்கேஜ் அது. அதில் மேப்களுக்கென்று இருக்கும் பகுதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். ஸ்ட்ரக்ட்டுகளின் புலங்களையும் மெத்தட்களையும் இயக்க நேரத்தில் தேடும் வசதிகள் தனிக் கதை.

முதலில் பாராட்டு. ஒரு மேப்பை இந்தப் பேக்கேஜிடம் கொடுத்தால், அது டைப் என்றும் வேல்யூ என்றும் இரண்டு பொருள்களாக நம் கைக்கு வருகிறது. டைப்பிடம் கைண்ட் என்று கேட்டால் "இது மேப்" என்று மட்டும் சொல்லும். கீ என்று கேட்டால் கீயின் வகையையும், எலெம் என்று கேட்டால் மதிப்பின் வகையையும் துல்லியமாகத் தரும். மேப்பில் ஓர் உருப்படிகூட இல்லாவிட்டாலும், அது இன்னும் உருவாக்கப்படாத நில் மேப்பாகவே இருந்தாலும், இந்தப் பதில் மாறாது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஜாவாவில் இதே வேலையைச் செய்துபார்க்க வேண்டும். 2004இல் ஜாவா 5, பல வகைகளுக்கும் பொதுவாக நிரல் எழுத உதவும் ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தபோது, பழைய நிரல்களோடு ஒத்துப்போவதற்காக வகை விவரங்களைக் கம்பைலரோடு நிறுத்திக்கொள்ளும் முறையைத் தேர்ந்தார்கள். அதனால் இயக்க நேரத்தில் ஒரு ஹேஷ்மேப்பைக் கையில் வைத்துக்கொண்டு "உன் கீ என்ன வகை" என்று கேட்டால் அதற்கே தெரியாது. அந்த மேப் எந்தப் புலத்தில் அறிவிக்கப்பட்டதோ அந்த அறிவிப்பைத் தேடிப் போய்த்தான் விடை காண வேண்டும். சி ஷார்ப்பின் டிக்ஷனரி இந்த விஷயத்தில் தன் வகையைத் தானே அறிந்த பொருள். கோவின் மேப்பும் அப்படியே. அதன் முழு வகை விவரமும் இயக்க நேரத்தில் கிடைக்கிறது என்பதே இந்தப் பேக்கேஜ் நிற்கும் அடித்தளம்; அந்த அடித்தளம் உறுதியானது.

ஆனால் எலெம் என்ற பெயரில் ஒரு சிறு முள் இருக்கிறது. டைப்பின் மீது எலெம் என்றால் மேப்பின் மதிப்பு வகை. வேல்யூவின் மீது எலெம் என்றால் ஒரு பாயின்டரோ (முகவரிச் சுட்டி) இன்டர்ஃபேஸோ (வேறு வகை மதிப்பைத் தாங்கும் உறை) சுட்டும் உள்பொருள். மேப்பைத் தாங்கிய வேல்யூவின் மீது எலெம் என்று தவறுதலாக அழைத்துவிட்டால் பேனிக் ஆகிவிடும், அதாவது நிரல் அங்கேயே முறிந்து நிற்கும். ஒரே சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுவதைப் பழக்கத்தில் கற்றுக்கொள்ளலாம். முதல் சில வாரங்களில் மட்டும் குழம்பாமல் இருக்க முடியாது.

ஒரு மேப்பைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. எல்லா கீகளையும் ஒரு ஸ்லைஸாக (பட்டியலாக) வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மேப்இண்டெக்ஸ் மூலம் மதிப்பைக் கேட்பது பழைய வழி. இதற்கு மேப்கீஸ் உதவுகிறது. 2019இல் வந்த கோ 1.12, மேப்ரேஞ்ச் என்ற இரண்டாவது வழியைத் திறந்தது. அது மேப்இட்டர் என்ற சுற்றியைத் தரும். நெக்ஸ்ட் என்று நகர்த்தி, கீயையும் மதிப்பையும் ஒருசேர எடுத்துக்கொள்ளலாம். நெக்ஸ்ட்டை ஒருமுறையாவது அழைப்பதற்கு முன் கீயைக் கேட்டால் பேனிக். சுற்று முடிந்த பிறகும் நெக்ஸ்ட் என்று இழுத்தால் அப்போதும் பேனிக். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தே இருக்கிறது. பெரிய மேப்பில் எல்லா கீகளையும் நகலெடுத்து ஒரு ஸ்லைஸில் அடுக்கும் செலவு மிச்சமாவதோடு, ஒரு நுட்பமான ஓட்டையும் இதில் அடைபடுகிறது. மிதவைப் புள்ளி எண்களைக் கீயாகக் கொண்ட மேப்பில் "எண் அல்ல" என்ற நான் மதிப்பு கீயாக நுழைந்துவிட்டால், அது தனக்கே சமமில்லாத மதிப்பு என்பதால் மேப்இண்டெக்ஸால் அதை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. மேப்கீஸ் அந்தக் கீயைக் காட்டும், மேப்இண்டெக்ஸ் கையை விரிக்கும். மேப்ரேஞ்ச்சில் இரண்டும் ஒன்றாக வருவதால் அந்தச் சிக்கலே எழாது. இப்படி ஒரு மேப்பை யாரும் வேண்டுமென்று உருவாக்குவதில்லை என்பது வேறு விஷயம்.

வரிசையைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். கோ மொழியில் மேப்பைச் சுற்றிவரும் வரிசை நிச்சயமற்றது. ஒரே மேப்பை இருமுறை சுற்றினால் இரண்டு வரிசை கிடைக்கலாம், ரிஃப்ளெக்ட் வழியிலும் அப்படித்தான். அது நியாயமே. ஆனால் அச்சிடும் வேலைக்கான ஃபம்ட் பேக்கேஜ் மேப்பை அச்சிடும்போது, கோ 1.12இலிருந்து கீகளை வரிசைப்படுத்தியே அச்சிடுகிறது. எந்த வகைக் கீயாக இருந்தாலும் ஓர் ஒழுங்கில் அடுக்கித் தரும் அந்த நிரல் மொழியோடு வரும் லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் உட்பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வேலிக்குள் வைக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. நான் என் லைப்ரரியில் மாற்றப் பதிவேட்டை ஒரே வரிசையில் எழுதுவதற்காக, கீயின் கைண்ட்டைப் பார்த்து ஸ்ட்ரிங், முழு எண், குறியில்லா எண், பூலியன் என்று கிளை பிரித்து ஒப்பிடும் அதே நிரலை மறுபடி எழுத வேண்டியிருந்தது. பந்தியில் பாயசம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் இலைக்கு வராத கதை.

அடுத்து, கீயின் வகை. பெரும்பாலானோர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். சாதாரண நிரலில் பயனர் எண் என்ற வகை ஸ்ட்ரிங்கை அடியாகக் கொண்டிருந்தால், மேற்கோள் குறிக்குள் எழுதிய ஒரு மாறிலியை அந்த மேப்பின் கீயாக அப்படியே கொடுக்கலாம். கம்பைலர் அதைப் பயனர் எண்ணாக ஏற்றுக்கொள்ளும். ரிஃப்ளெக்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. வேல்யூவாக மாறும்போதே அது வெறும் ஸ்ட்ரிங் என்ற வகையை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மேப்இண்டெக்ஸிடம் அதைக் கொடுத்தால், ஸ்ட்ரிங் வகை மதிப்பைப் பயனர் எண் வகைக்கு அளிக்க முடியாது என்று சொல்லி நிரல் பேனிக் ஆகும். கன்வெர்ட் மூலம் கீயின் வகைக்கு மாற்றிக்கொண்டு கொடுப்பதுதான் மருந்து. ஆனால் மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. கோப்பிலிருந்து முழு எண்ணாகப் படித்த 65 என்ற கீயை, ஸ்ட்ரிங் கீ கொண்ட மேப்புக்காகக் கன்வெர்ட் செய்தால், கிடைப்பது அறுபத்தைந்து என்ற இரண்டு இலக்கங்கள் அல்ல. யூனிகோடில் 65ஆம் இடத்தில் இருக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்தான ஏ. மொழியின் விதிப்படி முழு எண்ணிலிருந்து ஸ்ட்ரிங்குக்கு மாற்றம் அனுமதிக்கப்பட்டது என்பதால், மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேட்டாலும் முடியும் என்றே பதில் வரும். சாதாரண நிரலில் இப்படி எழுதினால், சந்தேகமான இடங்களைச் சுட்டும் வெட் கருவி எச்சரிக்கும். ரிஃப்ளெக்ட் வழியாகப் போனால் எச்சரிக்க யாரும் இல்லை. ஆகவே நான் கன்வெர்ட்டை அழைக்கும் முன் இரு பக்கத்தின் கைண்ட்டும் ஒன்றா என்று பார்க்கிறேன். எண்ணும் ஸ்ட்ரிங்கும் எதிரெதிரே நின்றால் இலக்கங்களாகவே எழுதி மாற்றுகிறேன்.

இனி, இந்தப் பேக்கேஜின் மீது எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கலுக்கு வருகிறேன். ஒரு மேப்பில் "இல்லை" என்பது எத்தனை விதம்? கீயே இல்லாமல் இருக்கலாம். கீ இருந்து மதிப்பு நில்லாக இருக்கலாம். கீ இருந்து மதிப்பு சுழியமாகவோ வெற்று ஸ்ட்ரிங்காகவோ இருக்கலாம். மூன்றும் மூன்று வேறு செய்திகள். ரிஃப்ளெக்ட்டில் இவற்றுக்கு முறையே இஸ்வேலிட், இஸ்நில், இஸ்ஜீரோ என்ற கேள்விகள் இருக்கின்றன. கீ இல்லாவிட்டால் மேப்இண்டெக்ஸ் ஒரு வெற்று வேல்யூவைத் தருகிறது. அதாவது எந்த வகையும் எந்தப் பொருளும் இல்லாத, இஸ்வேலிட் என்று கேட்டால் பொய் என்று சொல்லும் ஒரு கூடு. இதுவரை சரி. எழுதும் பக்கத்தில் செட்மேப்இண்டெக்ஸ் இதே கூட்டை வேறொரு பொருளில் எடுத்துக்கொள்கிறது: மதிப்பின் இடத்தில் வெற்று வேல்யூவைக் கொடுத்தால் அந்தக் கீயையே மேப்பிலிருந்து நீக்கிவிடும். ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நீக்குவதற்கென்று தனி மெத்தட் கிடையாது. இதுதான் நீக்கும் வழி.

இதன் விளைவை என் லைப்ரரியில் அனுபவித்தேன். மேலெழுதல் கோப்பு ஜேசான் என்ற உரைத் தரவு வடிவில் இருந்தது. அதைப் படித்தால் ஸ்ட்ரிங் கீயும், எதையும் தாங்கும் வெற்று இன்டர்ஃபேஸ் மதிப்பும் கொண்ட மேப் கிடைக்கும். அத்தகைய மேப்பில் மேப்ரேஞ்ச் தரும் ஒவ்வொரு மதிப்பும் இன்டர்ஃபேஸ் என்ற உறையோடுதான் வரும்; உள்ளே எண் இருக்கிறதா, இன்னொரு மேப் இருக்கிறதா என்று பார்க்க எலெம் என்று அழைத்து உறையைக் கழற்ற வேண்டும். நானும் கழற்றினேன், உள்ளே மேப் இருந்தால் மீண்டும் உள்ளே இறங்கினேன், மற்றவற்றைச் செட்மேப்இண்டெக்ஸ் மூலம் இலக்கு மேப்பில் வைத்தேன். எல்லா டெஸ்ட்களும் தேறின. பிறகு ஒரு பயனர், ஒரு கோரிக்கைக்கு நேரவரம்பே வேண்டாம் என்ற பொருளில், மேலெழுதல் கோப்பில் நேரவரம்பு என்ற கீக்கு எதிரே நல் (மதிப்பு எதுவும் இல்லை என்பதன் ஜேசான் குறி) என்று எழுதினார். இயல்பு மதிப்பு 30 விநாடி. நல் என்பது கோவுக்குள் நில் இன்டர்ஃபேஸாக வருகிறது. நில் இன்டர்ஃபேஸின் உறையை எலெம் கழற்றினால் கிடைப்பது வெற்று வேல்யூ. அந்த வெற்று வேல்யூவை நான் செட்மேப்இண்டெக்ஸிடம் கொடுத்தேன். அது சொன்னபடி கேட்டு, கீயை நீக்கிவிட்டது. அடுத்த கட்டத்தில் இருந்த நிரல், கீ இல்லையே என்று தன் பங்குக்கு 30ஐ மறுபடி நிரப்பிக்கொண்டது. வரம்பை எடுத்துவிட்டேன் என்று நம்பிய பயனருக்கு முப்பதாவது விநாடியில் கோரிக்கை அறுந்தது. பேனிக் இல்லை, பிழைச் செய்தி இல்லை, பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை.

தவறு என்னுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆவணத்தைப் படித்திருந்தும் இரண்டு விதிகளும் சந்திக்கும் மூலையை நான் கவனிக்கவில்லை. ஆனால் மற்ற இடங்களில் சின்னப் பிசகுக்கெல்லாம் பேனிக் என்று கூச்சலிடும் ஒரு பேக்கேஜ், தரவையே அழிக்கும் இந்த ஒரு செயலை மட்டும் ஓசையின்றிச் செய்கிறது என்பது வடிவமைப்பின் முரண். நீக்கு என்று பெயர் வைத்த தனி மெத்தட் ஒன்று இருந்து, வெற்று வேல்யூவைச் செட்மேப்இண்டெக்ஸ் மறுத்திருந்தால், என் பிழை எழுதிய அன்றே வெளிப்பட்டிருக்கும். திருத்தம் இரண்டே வரி: உறையைக் கழற்றிய பின் இஸ்வேலிட் பொய் என்றால், மேப்பின் மதிப்பு வகைக்கு ஜீரோ என்ற ஃபங்ஷன் மூலம் ஒரு நில் இன்டர்ஃபேஸ் மதிப்பை உருவாக்கி அதை வைக்க வேண்டும். ஜீரோ தரும் மதிப்புக்கு வகை உண்டு. வெற்று வேல்யூவுக்கு வகை இல்லை. பெயரளவில் இரண்டும் சுழியம் போலத் தோன்றினாலும் ஒன்று வைக்கும், மற்றொன்று அழிக்கும்.

மேப்புக்குள் இருக்கும் மதிப்பை இருந்த இடத்திலேயே திருத்த முடியாது என்பது இன்னொரு கட்டுப்பாடு. மதிப்பு ஒரு ஸ்ட்ரக்ட் என்றால், மேப்இண்டெக்ஸ் தருவது அதன் நகல்; அந்த நகலின் புலத்தில் எண்ணை எழுத முயன்றால் முகவரியற்ற மதிப்பைப் பயன்படுத்துகிறாய் என்று பேனிக் ஆகும். இதற்காக ரிஃப்ளெக்ட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. மேப் வளரும்போது உருப்படிகள் இடம் மாறக்கூடும் என்பதால் அவற்றின் முகவரியை எடுக்க மொழியே அனுமதிப்பதில்லை. சாதாரண நிரலிலும் மேப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரக்ட்டின் புலத்துக்கு நேரடியாக எழுதினால் கம்பைலர் ஏற்காது. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே கம்பைல் ஆகும்போது தெரிவது, இங்கே ஓடும்போது தெரிகிறது. நியூ என்ற ஃபங்ஷன் மூலம் அந்த வகையில் புதிய பொருள் ஒன்றை உருவாக்கி, நகலை அதில் ஊற்றி, வேண்டிய புலத்தைத் திருத்தி, திரும்ப மேப்பில் வைக்க வேண்டும். மேப்புக்குள் ஸ்ட்ரக்ட், அதற்குள் மேப், அதற்குள் ஸ்ட்ரக்ட் என்று அடுக்கு ஆழமாகும்போது இந்த எடுத்துத் திருத்தி வைக்கும் சடங்கு நிரலை நீட்டிவிடும். மறுசுழல் ஃபங்ஷனாக எழுதினால் ஓரளவு தாங்கும்.

ஆனால் இதற்கு நேரெதிரான ஒரு தாராளமும் இங்கே இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மாறியை ரிஃப்ளெக்ட் வழியாக மாற்ற வேண்டுமானால் அதன் பாயின்டரைக் கொடுக்க வேண்டும் என்பது பொதுவிதி. மேப்புக்கு உருப்படி சேர்க்கவோ நீக்கவோ அந்த விதி பொருந்தாது. மேப்பை நேராகக் கொடுத்தாலே செட்மேப்இண்டெக்ஸ் வேலை செய்யும், ஏனெனில் மேப் என்பதே உள்ளே ஒரு சுட்டிதான். மேப்பையே வேறு மேப்பாக மாற்றி வைக்கத்தான் பாயின்டர் வேண்டும். இந்தத் தாராளத்தால் நானும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன்: இயல்பு மதிப்புகள் இருக்கும் மேப்பை நகல் என்று நினைத்து அதிலேயே மேலெழுதலைக் கலந்துவிட்டேன். அதே நிரலுக்குள் இரண்டாவது முறை அமைப்புகளைப் படித்தவருக்கு, முதலாமவரின் மேலெழுதல்கள் இயல்பு மதிப்புகளாகக் கிடைத்தன. இப்போது எதையும் தொடும் முன் மேக்மேப் மூலம் அதே வகையில் புதிய மேப்பை உருவாக்கி, உருப்படிகளை அதில் இறக்கிவிட்டுத்தான் கலக்கிறேன்.

உருவாக்கும் பக்கம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நன்றாகவே இருக்கிறது. மேக்மேப்புக்கு வகையைக் கொடுத்தால் பெயரிட்ட வகையாக இருந்தாலும் அதே வகையில் மேப் கிடைக்கும். எத்தனை உருப்படி வரும் என்று தெரிந்தால் அளவோடு உருவாக்க 2017இன் கோ 1.9 வழி செய்தது. கீ வகையையும் மதிப்பு வகையையும் கொடுத்து, நிரலில் எங்குமே எழுதப்படாத ஒரு மேப் வகையையே மேப்ஆஃப் மூலம் இயக்க நேரத்தில் உருவாக்கலாம். ஸ்லைஸைப் போல ஒப்பிட முடியாத வகையைக் கீயாகக் கொடுத்தால் மட்டும் அது மறுத்துவிடும். நில் மேப்பில் படிப்பது பிரச்சினையில்லை, நீளம் சுழியம் என்று சொல்லும், எழுதினால் பேனிக். மொழியின் வழக்கமான நடத்தை இங்கும் அப்படியே தொடர்கிறது என்பதால் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

வேகத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், வகை தெரிந்த மேப்பில் நேரடியாகச் சுற்றுவதோடு இதை ஒப்பிடவே கூடாது. ஒவ்வொரு கீயையும் மதிப்பையும் வேல்யூ என்ற உறையில் போட்டுத் தருவதற்கு நினைவகத்தில் புதிய இடம் தேவைப்படலாம்; அந்த ஒதுக்கீடுகள் பெரிய மேப்பில் குவிந்து குப்பை அகற்றியின் வேலையைக் கூட்டும். 2022இல் வந்த கோ 1.18 இதற்கு ஒரு நல்ல விடை கொடுத்தது. ஒரு கீக்கும் ஒரு மதிப்புக்கும் முன்பே இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, செட்இட்டர்கீ, செட்இட்டர்வேல்யூ என்ற மெத்தட்கள் மூலம் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்திலேயே புதிய கீயையும் மதிப்பையும் எழுதிக்கொள்ளலாம். சுற்றியையே ரீசெட் செய்து அடுத்த மேப்புக்குப் பயன்படுத்தலாம். அமைப்புக் கோப்பைத் தொடக்கத்தில் ஒருமுறை படிக்கும் என் போன்றோருக்கு இது தேவையில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் மேப்களை வெளியே எழுதும் சீரியலைசர் எழுதுகிறவர்களுக்கு இதுவே உயிர். ஒரு எச்சரிக்கை மட்டும்: அடுத்த சுற்றில் அதே இடம் மேலெழுதப்படும் என்பதால், அந்த வேல்யூவை எங்கும் சேமித்து வைக்கக் கூடாது.

பிந்தைய வெளியீடுகளிலும் இந்தப் பகுதி கவனிப்பாரற்றுக் கிடக்கவில்லை என்பது மனநிறைவு. 2023இன் கோ 1.21 மேப்பை முழுதாகக் காலி செய்யும் கிளியரைச் சேர்த்தது. முன்பு சொன்ன "எண் அல்ல" கீகளைக்கூட அது துடைத்துவிடும். 2024இன் கோ 1.23இல், ரேஞ்ச் வாக்கியத்திலேயே நேரடியாகச் சுற்ற உதவும் செக்2 வந்தது; நெக்ஸ்ட் என்று கையால் நகர்த்தும் வேலை போயிற்று. 2025 பிப்ரவரியில் வந்த கோ 1.24, மேப்பின் உள்ளமைப்பையே ஸ்விஸ் டேபிள் என்ற முறைக்கு மாற்றிக் கட்டியது. அத்தனை பெரிய மாற்றத்திலும் ரிஃப்ளெக்ட் வழியாக எழுதிய என் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. மேப்பின் உள்ளமைப்பை, வகைக் காவலைத் தாண்டும் அன்சேஃப் பேக்கேஜ் மூலம் எட்டிப்பார்த்து எழுதியவர்களுக்கு அந்த நிம்மதி கிடைத்திருக்காது. மெதுவான வழியின் கூலி இப்படியும் சில நேரம் கிடைக்கிறது.

என்ன பிழை நேர்ந்தாலும் பேனிக் என்பதே இந்தப் பேக்கேஜின் ஒரே மொழி. எரர் என்று ஒன்றைத் திருப்பித் தரும் பண்பாடு கோவின் மற்ற எல்லா மூலைகளிலும் வேரூன்றியிருக்க, இங்கே மட்டும் அது இல்லை. அழைப்பவரின் தவறு என்பதால் பேனிக் என்பது அவர்கள் தரப்பு வாதம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் லைப்ரரி எழுதுகிறவனுக்கு, அழைப்பவன் தானாக இருந்தாலும் தரவு வேறொருவருடையது. நான் வெளிவாசலில் ஒரே ஒரு ரிகவர் வைத்து, கீழே எங்கு பேனிக் ஆனாலும் அதைப் பிடித்து, அப்போது எந்தப் புலத்தில், எந்தக் கீயில் இருந்தோம் என்ற பாதையைச் சேர்த்துப் பிழையாகத் திருப்புகிறேன். அந்தப் பாதையை நானேதான் ஒவ்வொரு இறக்கத்திலும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். "ஸ்ட்ரிங்கைப் பயனர் எண்ணுக்கு அளிக்க முடியாது" என்ற செய்தி எந்த மேப்பில் என்று தானாகச் சொல்லாது. ஏற்றுமதி செய்யப்படாத புலத்திலிருந்து எடுத்த மேப்பும் இந்தப் பட்டியலில் சேரும்: படிக்கலாம், ஆனால் அதன் மதிப்பை இன்டர்ஃபேஸாக வெளியே எடுக்கவோ உருப்படி சேர்க்கவோ போனால் பேனிக்.

டெஸ்ட் எழுதுகிறவர்கள், இரண்டு மதிப்புகளை உள்ளே வரை ஒப்பிடும் டீப்ஈக்வல் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நில் மேப்பையும் உருப்படியற்ற மேப்பையும் அது சமம் என்று ஏற்காது. இரண்டையும் அச்சிட்டால் ஒரே மாதிரிதான் தோன்றும் என்பதால், தோற்ற டெஸ்ட்டின் செய்தியைப் பார்த்து, எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்று மண்டையைச் சொறிய நேரும். விதி தவறில்லை, ஜேசானாக எழுதும்போதும் முன்னது நல் என்றும் பின்னது வெற்று அடைப்பாகவும் வெவ்வேறாகவே போகின்றன.

இவ்வளவுக்குப் பிறகு, இது யாருக்குத் தேவை? கோ மொழிக்கும் ஜெனரிக்ஸ் வந்த பிறகு பலருக்குத் தேவையில்லை என்பதே என் கணிப்பு. எந்த மேப்பாக இருந்தாலும் கீகளை எடுப்பது, இரண்டு மேப்களை ஒப்பிடுவது, நகலெடுப்பது போன்றவற்றைக் கோ 1.21இல் மொழியோடு சேர்ந்த மேப்ஸ் பேக்கேஜ் கம்பைலரின் காவலோடு செய்துதருகிறது. அழைக்கும் இடத்தில் வகை தெரிந்திருந்து, எழுதும் இடத்தில் மட்டும் தெரியாமல் இருந்தால் ஜெனரிக்ஸ் போதும். அழைக்கும் இடத்திலும் தெரியாமல், ஸ்ட்ரக்ட்டின் புலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அங்கே என்ன மேப் இருக்கிறது என்று கண்டறிய வேண்டியிருந்தால் மட்டுமே ரிஃப்ளெக்ட். ஜேசான் பேக்கேஜும் ஃபம்ட்டும் டெம்ப்ளேட்டும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. அதனால் அவை இதன்மேல் நிற்கின்றன. மேப்களைக் கையாளும் கருவி என்ற அளவில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரையில் ஒரு முழு மதிப்பெண் செட்மேப்இண்டெக்ஸின் ஓசையற்ற நீக்கத்துக்காகப் போனது.

நானும் என் லைப்ரரியைச் சென்ற முறை திருத்தியபோது பாதிக்கு மேற்பட்ட ரிஃப்ளெக்ட் அழைப்புகளை ஜெனரிக் ஃபங்ஷன்களாக மாற்றிவிட்டேன். மிச்சம் இருப்பவை ஒரே கோப்பில் இருக்கின்றன. அதில் செட்மேப்இண்டெக்ஸ் இரண்டே இடங்களில் வருகிறது: வைப்பதற்கு என்று பெயரிட்ட ஃபங்ஷனுக்குள் ஒன்று, நீக்குவதற்கு என்று பெயரிட்ட ஃபங்ஷனுக்குள் மற்றொன்று. வைக்கும் ஃபங்ஷனின் முதல் வரி, வந்த மதிப்பு இஸ்வேலிட்தானா என்று கேட்டு, இல்லையென்றால் அங்கேயே பேனிக் ஆகிறது.